வெள்ளிக்கிழமை ராத்திரித் தூக்கமும் வீடியோ கவுன்சலிங்கும்

கேள்வி இது. திருப்பூரில் சில மிஷின்கள் போட்டு பவர் டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் யூனிட், நடத்தும் 36 வயதுக்காரர் ஒருவர் கேட்கிறார். நாலைந்து மாதமாகச் சரியான தூக்கமில்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் சுத்தமாகவே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் வந்தாலே எரிச்சல். ஈசிஜி, தைராய்டு, சுகர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, நார்மல். "டென்ஷன்தான், ஒரு கவுன்சலரைப் பாருங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நேரில் போனால் யார் கண்ணிலாவது படுவோம் என்று ஆன்லைனில் பேசலாமா என்று யோசிக்கிறார். "போனைப் பார்த்துப் பேசினால் என் கடன் அடைந்துவிடுமா? யாரைப் பிடிப்பது, என்ன பேசுவது, வெளியே தெரியாமல் இருக்குமா, மாத்திரை போடச் சொல்வார்களா?" இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

கடன் அடையாது. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்த எதிர்பார்ப்போடு வருபவர்கள் இரண்டாவது தடவையே நின்றுவிடுகிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் கடன் ஒரு வரிதான். மீதியெல்லாம் தூக்கம், படபடப்பு, பிள்ளைகள் மேல் கோபம், போன் அடித்தால் எடுக்கப் பயம். இவை கடனால் வந்தவைதான். ஆனால் வந்த பிறகு தனியாக வேர்விட்டு, கடனைச் சமாளிக்க வேண்டிய ஆளையே முடக்கிப் போடுகின்றன. கவுன்சலிங் வேலை செய்வது இங்கேதான்.

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். கோவையில் ஆஸ்பத்திரியில் நேரில் பார்த்துக்கொண்டிருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு பாதிக்கு மேல் வீடியோவில்தான். மன அழுத்தம், பதற்றம் ஆகியவற்றுக்கான பேச்சு சிகிச்சை வீடியோவில் நடந்தாலும் நேரில் நடந்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான் என்று நிறைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் அனுபவமும் அதுதான். போன் திரை ஒரு தடையாக இருப்பது முதல் பத்து நிமிடம் வரைக்கும்தான்.

நம் பக்கத்தில் ஆன்லைனுக்கு இன்னொரு லாபமும் உண்டு. கொங்கு நாட்டில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊருங்க?", இரண்டாவது கேள்வி "யாரு வூடு?" மூன்றாவது கேள்விக்குள் நீங்கள் யாருக்கோ பங்காளி, யாருக்கோ மாமன் மச்சான் என்று ஆகிவிடும். பல்லடத்தில் இருக்கும் கவுன்சலரின் சின்னம்மா உங்கள் ஊரில் கட்டிக்கொடுத்தவராக இருப்பார். அவர் ஒரு வார்த்தை வெளியே சொல்லாதவராகவே இருக்கலாம். ஆனால் "சொல்லிருவாரோ" என்ற நினைப்பு உங்கள் வாயைக் கட்டிவிடும். அதனால் உங்களைப் போலப் பயப்படுபவர்களுக்கு நான் சொல்வது, வேறு ஜில்லாக்காரராகப் பாருங்கள் என்பதுதான். மதுரை, திருநெல்வேலி, சென்னை என எங்கிருந்தாலும் பரவாயில்லை. தமிழில் பேசுபவராக மட்டும் இருக்க வேண்டும். இங்கிலீஷில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள்கூட அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தமிழுக்குத்தான் வருகிறார்கள். வெளியூர்க்காரருக்குச் சீர் செய்முறை, பங்காளி வழக்கு, தோட்டத்துப் பாகம் எல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள். அப்படி விளக்கும்போது நமக்கே சில விஷயம் புரிபடும்.

யாரைப் பிடிப்பது என்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். நம் நாட்டில் கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவரும் இருக்கிறார், பல வருடம் படித்தவரும் இருக்கிறார். மனநல மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுத வேண்டுமென்றால் இவரிடம்தான் போக வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் எம்ஃபில் போன்ற படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நல்லவர் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இவை தவிர, எம்எஸ்சி உளவியல் அல்லது எம்எஸ்டபிள்யூ என்ற சமூகப் பணிப் படிப்பு படித்து, ஆஸ்பத்திரியிலோ கல்லூரியிலோ மேற்பார்வையில் வேலை பழகிய கவுன்சலர்கள் இருக்கிறார்கள். உங்கள் பிரச்சினைக்கு அவர்களில் பலரே போதும். "என்ன படிச்சிருக்கீங்க, பதற்றத்துக்கு என்ன முறையில வேலை செய்வீங்க?" என்று கேட்டால் நேரான பதில் வர வேண்டும். "நாலே அமர்வில் கேரண்டி" என்றோ, ஹிப்னாடிசம், எனர்ஜி, ஜாதகம் எல்லாம் ஒரே பாக்கேஜ் என்றோ சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கட்டணம் ஒரு அமர்வுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரம் வரை ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் வாரம் ஒரு தடவை, முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை. பதற்றத்துக்கான சிகிச்சைக்குப் பொதுவாக 6 முதல் 20 அமர்வு வரை ஆகும். உங்களுக்குக் கையில் பணம் இறுக்கமாக இருக்கும்போது இதற்காக இன்னொரு கடன் வாங்க வேண்டியதில்லை. 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ ஜில்லா அரசு மருத்துவமனைக்கோ அனுப்பி வைப்பார்கள். அதில் ஒரே குறை, வாரா வாரம் அதே ஆள் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ராத்திரி 2 மணிக்கு மனசு கொந்தளிக்கும்போது பேச அது சரியான இடம். தொடர்ந்து உட்கார்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால் ஒரே ஆளைப் பிடித்துக்கொள்வது நல்லது. செலவே செய்ய முடியாது என்றால் கோவை, பெருந்துறை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் மருந்தும் மருத்துவரும் இலவசம்.

சரி, எங்கே உட்கார்ந்து பேசுவது? இதைக் கேட்கிற அளவுக்குச் சிகிச்சை முறையைப் பற்றிக்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை. வீட்டில் அப்பா அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், கீழே யூனிட், நடுவில் கதவு தட்டாமல் வரும் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள். தனியறை என்ற ஒன்று நம் வீடுகளில் தூங்குவதற்கு மட்டும்தான். அதுவும் பகலில் கதவைச் சாத்தினால் "என்னாச்சு, ஒடம்பு சரியில்லையா?" என்று ஆத்தா வந்து நிற்கும்.

என்னிடம் பேசியவர்களில் நிறையப் பேர் காரில் உட்கார்ந்து பேசினார்கள். பைபாஸ் ஓரமாக வண்டியை நிறுத்திப் பேசுவதைவிட, தெரிந்த பேக்கரி வாசலிலோ பெட்ரோல் பங்க் ஓரத்திலோ நிழலாக நிறுத்திக்கொள்ளலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பேசவே கூடாது. நான் வண்டி ஓட்டுபவரிடம் அமர்வைத் தொடர மாட்டேன். சிலர் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்காருவார்கள். அங்கே டவர் கிடைக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள், கதை பாதியில் இருக்கும்போது திரை உறைந்து நின்றால் அந்த நூலைத் திரும்பப் பிடிக்க நேரமாகும். விசைத்தறி ஓடும் வீடென்றால் ஒரு வசதி, ஒரு தொல்லை. தறிச் சத்தத்தில் நீங்கள் பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்காது, கவுன்சலருக்கும் கேட்காது. வாய்க்குப் பக்கத்தில் மைக் வரும் ஹெட்செட் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். வீட்டில்தான் பேச முடியும் என்றால் அறைக்கு வெளியே டிவியையோ டேபிள் ஃபேனையோ ஓடவிடுங்கள். ஹெட்போன் போடுவதால் கவுன்சலர் பேசுவது யாருக்கும் கேட்காது, நீங்கள் சொல்வது மட்டும்தான் கேட்கும். ஆகவே வாயால் சொல்ல முடியாததை சாட்டில் டைப் செய்தும் அனுப்பலாம். நேரில் கிடைக்காத ஒரு வசதி இது. சொல்லக் கூசும் விஷயங்களை முதலில் டைப் செய்துவிட்டு அப்புறம் பேச ஆரம்பித்தவர்கள் உண்டு.

நேரம் குறிக்கும்போது ஷிப்மென்ட் நெருக்கடிக்கு நடுவில் வைக்காதீர்கள். யூனிட்டில் டீ டைமில் இருபது நிமிடம் பேசிவிட்டு ஓடுவது கவுன்சலிங் ஆகாது. பேசி முடித்த பிறகும் ஒரு கால் மணி நேரம் சும்மா இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் வருபவருக்குப் பஸ்ஸில் திரும்பிப் போகும் நேரம் கிடைக்கிறது. ஆன்லைனில் சிவப்புப் பொத்தானை அழுத்திய அடுத்த நிமிடம் சூப்பர்வைசர் முன்னால் நிற்கிறார்.

முதல் அமர்வில் பெரும்பாலும் கவுன்சலர்தான் கேள்வி கேட்பார். எப்போது ஆரம்பித்தது, தூக்கம், பசி, குடி, உடம்பில் வேறு நோய், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று. 9 கேள்வி கொண்ட ஒரு படிவமும் 7 கேள்வி கொண்ட ஒரு படிவமும் தரக்கூடும். முதலாவது மன அழுத்தத்துக்கு, மொத்தம் 27 மதிப்பெண். இரண்டாவது பதற்றத்துக்கு, மொத்தம் 21. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும். இது பரீட்சை இல்லை, கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சில வாரம் கழித்து அதையே திரும்பப் போட்டுப் பார்த்தால் நகர்கிறோமா, நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்று தெரிந்துவிடும்.

"செத்துப் போயிரலாம்னு தோணுதா?" என்றும் கேட்பார்கள். கேட்டால் திடுக்கிடாதீர்கள். அப்படிக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பது ஆய்வுகளில் தெளிவான விஷயம். கடன் நெருக்கடியில் இருப்பவரிடம் அதைக் கேட்காத கவுன்சலரைத்தான் நான் சந்தேகப்படுவேன். "சில நேரம் தோணும், ஆனா பிள்ளைங்கள நெனச்சா விட்டுருவேன்" என்பது உண்மையானால் அதை அப்படியே சொல்லுங்கள். இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், அவசரமென்றால் யாரைக் கூப்பிடலாம் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். நேரில் இல்லாததால் இந்த ஏற்பாடு கட்டாயம் தேவை. அந்த எண்ணை உங்கள் அனுமதியில்லாமல் சும்மா கூப்பிட மாட்டார்கள்.

இப்போது வேலை எப்படி நடக்கும் என்று ஒரு துண்டைக் காட்டுகிறேன். இது ஒரே ஆளுடையது இல்லை, உங்கள் தொழிலில் இருக்கும் பலரிடம் கேட்டதைச் சேர்த்தது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். கம்பெனிக்காரரிடமிருந்து பில் பாஸாகி வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை சாயங்காலம் டைலர் கையில் காசு கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கம் போவது அதனால்தான்.

"ராத்திரி முழிப்பு வந்ததும் மொதல்ல என்ன ஓடுச்சுங்க?"

"நாளைக்குச் சம்பளம் போட முடியாது."

"முடியாமப் போனா?"

"டைலருங்க பக்கத்து யூனிட்டுக்குப் போயிருவாங்க."

"போனா?"

"பீஸ் டெலிவரி ஆகாது. கம்பெனிக்காரர் அடுத்த ஆர்டர் தர மாட்டாரு."

"அப்புறம்?"

"மிஷினத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்பா தோட்டத்த விக்கோணும். ஊர்ல தலை காட்ட முடியாது."

ஒரு வாரச் சம்பளத்தில் தொடங்கித் தோட்டம் விற்பது வரை போக மனசுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. ஆனால் உடம்புக்கு அது தெரியாது, தோட்டத்தை இப்போதே விற்றுவிட்ட மாதிரிதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இங்கே நல்ல கவுன்சலர் "அப்படியெல்லாம் ஆகாதுங்க, தைரியமா இருங்க" என்று சொல்ல மாட்டார். அதைச் சொல்ல ஊரே இருக்கிறது. அவர் கேட்பது வேறு. இதுவரை சம்பளம் தட்டிப்போன சனிக்கிழமைகள் எத்தனை? அன்றைக்கு என்ன நடந்தது? யோசித்துப் பார்த்தால் வரும் பதில், "ஒரு தடவை பாதி சனிக்கிழமையும் பாதி திங்கக்கிழமையும் குடுத்தேன். ஒருத்தன் சத்தம் போட்டுட்டுப் போனான். மத்தவங்க இருந்தாங்க."

இதை ஒரு நோட்டில் எழுதச் சொல்வார். என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன், அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், இப்போது எவ்வளவு நம்புகிறேன். அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய முறையிலிருந்து வந்தது இது. "எல்லாம் நல்லதுக்கே" என்று நம்ப வைப்பது இதன் வேலை இல்லை. அந்தப் பயங்கர எண்ணத்தை நம்புவது நூறிலிருந்து ஐம்பதுக்கு இறங்கினாலே, படுக்கையிலிருந்து எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிற அளவுக்கு மனசு அடங்கும்.

அடுத்தது இன்னும் முக்கியம். இந்த ரோசனையில் உங்களால் ஏதாவது செய்ய முடிகிற பகுதி எது, வெறுமனே சுற்றிச் சுற்றி வருகிற பகுதி எது என்று பிரிப்பது. "யாரிடம் எவ்வளவு பில் நிற்கிறது, நாளைக்கு யாரைக் கூப்பிட வேண்டும், வராவிட்டால் யாருக்குப் பாதி கொடுப்பது" என்பதெல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய சமாச்சாரம். அது வெள்ளிக்கிழமை ராத்திரி 2 மணிக்கு வந்தால், "இதுக்கு வியாழக்கிழமையே முடிவு எழுதியாச்சு" என்று நோட்டைக் காட்ட ஒரு வழி கிடைக்கும்.

அப்புறம் போன். ஃபைனான்ஸ்காரர் கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எடுக்காதபோது அந்த நிமிடம் நிம்மதி. ஆனால் ஒவ்வொரு தடவை எடுக்காமல் விடும்போதும் பயம் ஒரு படி ஏறும், அவருக்குக் கோபமும் ஏறும். இந்தத் தவிர்ப்பை உடைப்பதுதான் பதற்றச் சிகிச்சையில் பாதி வேலை. கவுன்சலர் உங்களோடு ஒத்திகை பார்ப்பார். அவர் ஃபைனான்ஸ்காரர் மாதிரி கத்துவார், நீங்கள் "அண்ணா, இந்த மாசம் வட்டி மட்டும் கட்டறனுங்க, அசலுக்கு அடுத்த மாசம் அஞ்சாந்தேதி வரைக்கும் டைம் குடுங்க" என்று சொல்லிப் பழகுவீர்கள். அந்த வாரத்துக்கு வீட்டுப் பாடம் அந்த ஒரே ஒரு போன்தான். கடனைப் பற்றிக் கவுன்சலிங் என்ன செய்யும் என்று கேட்டீர்களே, இதைச் செய்யும்.

ஆன்லைன் கவுன்சலிங்கில் பலன் கிடைத்தவர்களையும் பாதியில் விட்டவர்களையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு மீதி நேரமெல்லாம் பழையபடி இருந்தால், பேசிய அன்று மட்டும் லேசாக இருக்கும். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் ஒரு கட்டுரையில் சொன்னது இன்றைக்கும் இந்தத் துறையில் அடிப்படை. எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன வேலை செய்கிறோம் என்ற இரண்டிலும் இருவருக்கும் உடன்பாடு வேண்டும், இருவருக்கும் நடுவில் ஒரு பிணைப்பும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வண்டி ஓடாது. ஆகவே முதல் இரண்டு மூன்று அமர்வுக்குள் "நான் எதுக்காக வந்திருக்கேன்" என்பதை இருவரும் ஒரே மாதிரி சொல்ல முடிய வேண்டும். உங்களுக்கு அது "வெள்ளிக்கிழமை தூங்கணும், போனை எடுக்கணும், பிள்ளைகள்கிட்ட கத்தாம இருக்கணும்" என்றால் அதுவே போதும்.

ஒத்துவரவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். நம் ஆட்களின் மரியாதை இங்கே குறுக்கே நிற்கிறது. கவுன்சலர் கேட்டதற்கெல்லாம் "சரிங்க, சரிங்க" என்பார்கள், நோட்டில் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள், அடுத்த வாரம் போனையே எடுக்க மாட்டார்கள். "மேடம், இந்த நோட்டு எழுதறது எனக்கு ஒத்து வரலீங்க" என்று சொல்லிவிட்டால் அவர் வாய்ஸ் மெசேஜாகப் பதிந்துவைக்கச் சொல்லலாம், இன்னொரு வழி காட்டலாம். "போன வாரம் நீங்க சொன்னது என்னைக் குத்துச்சு" என்றும் சொல்லலாம். அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதிலேயே அவர் தரம் தெரிந்துவிடும். நாலைந்து அமர்வுக்குப் பிறகும் நகரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், அதில் துரோகம் ஒன்றும் இல்லை.

படபடப்பு பற்றிக் கொஞ்சம். திடீரென்று நெஞ்சு அடித்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்று வருவது பேனிக் அட்டாக்காக இருக்கலாம். அது சில நிமிடத்தில், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும். உங்களுக்கு ஈசிஜி நார்மல் என்பதால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கவுன்சலர் வேண்டுமென்றே படியேறி இறங்கச் சொல்லி, அதே இதயத் துடிப்பை நீங்களே வரவழைத்து, அது தானாக அடங்குவதைப் பார்க்கச் சொல்லக்கூடும். விளையாட்டாகத் தெரியும், ஆனால் அசல் சிகிச்சை. புதிதாக நெஞ்சு வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை என்று வந்தால் இதெல்லாம் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

யூனிட்டில் நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மதியத்துக்கு மேல் குடிக்கும் டீ தூக்கத்தையும் கெடுக்கும், படபடப்பையும் கூட்டும். குடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்காமல் இருக்க முடியாது. ராத்திரி ஒரு குவார்ட்டர் போட்டால் சீக்கிரம் கண் அசரும், பின்னிரவில் தூக்கம் உடைந்து 2 மணிக்கு உட்கார வைக்கும். தூக்கத்துக்கு வேறு வழி இருக்கிறது. எப்போது படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழுவது, தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டுத் தூக்கம் வந்தால் மட்டும் திரும்பிப் படுப்பது, கடிகாரத்தைத் திருப்பி வைப்பது. முதல் வாரம் இன்னும் மோசமாகத் தெரியும், தாண்டிவிட்டால் பலன் நிற்கும்.

மாத்திரை கேட்டீர்கள். கவுன்சலர் எழுத முடியாது, எழுதக் கூடாது. மனநல மருத்துவர் வீடியோவிலும் பார்க்கலாம். 2020 மார்ச்சில் மத்திய அரசு டெலிமெடிசின் வழிகாட்டி விதிகளை வெளியிட்டது, அதன்படி சில வகை மருந்துகளை மட்டும் இப்படி எழுத முடியாது. மன அழுத்த மாத்திரைகள் போட்ட அன்றே வேலை செய்யாது, இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் "கேக்கல" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். அதைவிட எனக்குப் பயம், தெரிந்த மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரைகள்தான். அவை பழக்கமாகிவிடும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

வெளியே தெரியுமா? 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு, குழந்தை மேல் பாலியல் குற்றம் போன்ற இடங்களில் மட்டும் விலக்கு உண்டு. குழந்தை விஷயத்தில் 2012 போக்சோ சட்டப்படி தகவல் தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். இதையெல்லாம் முதல் அமர்விலேயே கவுன்சலர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள். அமர்வைப் பதிவு செய்வீர்களா, குறிப்புகளை எங்கே வைப்பீர்கள் என்றும் கேளுங்கள்.

பெரிய ஆப்கள் வழியாகப் போவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்காவின் பெரிய ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனாளர்களின் விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில், 2023இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்தோடு 78 லட்சம் டாலர் கட்டுவதாக உடன்பாட்டுக்கு வந்தது. அந்த அளவுக்குப் போகாமலே நம் வீட்டில் விஷயம் கசியும் வழிகள் உண்டு. யூனிட் கணக்கிலிருந்து ஜிபே செய்தால் கணக்கு எழுதுபவர் கண்ணில் படும். பிள்ளைகள் கேம் விளையாடும் போனில் "உங்கள் அமர்வு நாளை 7 மணிக்கு" என்று வாட்ஸ்அப் வந்து நிற்கும். சொந்தக் கணக்கு, போனுக்குப் பூட்டு, எந்த நேரத்தில் எப்படித் தகவல் அனுப்பலாம் என்று கவுன்சலரிடம் ஒரு பேச்சு, இவ்வளவு போதும்.

ஆன்லைன் போதாத நிலைமைகளும் உண்டு. சாவதற்கு வழியும் நாளும் யோசித்துவிட்டவர், காதில் குரல் கேட்பவர், பல நாள் தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் கடன் வாங்கிச் செலவழிப்பவர், குடியை நிறுத்தினால் கை நடுங்கி வலிப்பு வரக்கூடியவர் ஆகியோரை நேரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். தினம் அடி வாங்குபவர், அடிப்பவர் இருக்கும் வீட்டிலிருந்தே வீடியோவில் பேசுவது ஆபத்து. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இந்த வரிசையில் நீங்கள் இல்லை. நிலைமை மாறினால் அடுத்த அமர்வு வரை காத்திருக்க வேண்டாம்.

குலதெய்வம் கோயிலில் பூக் கேட்டதாகவும் (சாமியிடம் உத்தரவு கேட்பது), "இது எல்லாம் அதுக்கு எதிரா ஆயிருமா?" என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆகாது. நான் பார்த்தவர்களில் பலர் அமாவாசைக்குக் கோயிலுக்கும் போவார்கள், புதன்கிழமை வீடியோவிலும் வருவார்கள். உங்களுக்குத் தெம்பு தருவதைக் கவுன்சலரிடம் மறைக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். அதைக் கேட்டுச் சிரிக்கிற கவுன்சலர் உங்களுக்கு ஆக மாட்டார்.

கடைசியாக, மனைவியிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். உடனே சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் வாரா வாரம் ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்து யாரோ ஒருவரிடம் ரகசியமாகப் பேசுவது தெரிந்தால் அவர் வேறு மாதிரிதான் நினைப்பார், அது இன்னொரு பஞ்சாயத்தாகும். "தூக்கம் வராததுக்கு டாக்டர் ஒருத்தர்கிட்டப் பேசச் சொல்லியிருக்காரு, அதான் பேசறேன்" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். உள்ளே என்ன பேசினீர்கள் என்பது உங்களுடையது. பின்னால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பேச வேண்டும் என்று தோன்றினால், அதற்கு வேறு கவுன்சலரைப் பாருங்கள். உங்கள் பக்கத்தை மட்டும் இவ்வளவு நாள் கேட்டவர் நடுவில் உட்கார்ந்தால் மனைவிக்கு அது நியாயமாகப் படாது. உங்கள் கவுன்சலரிடமே கேளுங்கள், அவரே வேறு ஆள் சொல்வார்.